இருபத்து மூன்றாவது பாட்டில்

ஒன்பதாம் வாரம்

இப்போதுதான் இந்தத் தொடருக்குள், இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு நாலு வரி.

நான் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்கிறவன். மூடிக்கிடக்கும் பூட்டுத் தொழிற்சாலையில் இரண்டு மாதமாகத் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கிறேன். என் மனைவி இறந்து பதினோரு மாதம். அவள் பிறந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். போகச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. கிளம்ப எனக்குத் தோன்றவில்லை. மாமா அதே தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். நான் அங்கே துளை போடுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அதைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை.

போன வாரம் இருபத்து மூன்று பாட்டில்களை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. சமையலறைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் தண்ணீர் விழுவது தெரிந்தது. குளிர்ச்சி தெரியவில்லை. பல நாளாக இப்படித்தான். போன் அடித்தது.

"தம்பி, முழுசா முழிச்சுட்டியா, இல்ல பாதிதானா?"

ஆய்வகத்து அக்கா. பதினைந்து வருடமாக ஊரார் தண்ணீரை இயந்திரத்துக்குள் விட்டு எண்களாக வெளியே எடுப்பவர். நல்ல செய்தி சொல்வதற்காக அவர் யாருக்கும் போன் செய்ததில்லை.

"முழிச்சுட்டேன்க்கா."

"அப்ப உக்காந்துக்கோ. உன் இருபத்து மூணாவது பாட்டில்ல சரக்கு இருக்கு."

"இருக்காதுக்கா."

"இருக்கக்கூடாது. ஆனா இருக்கு. ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன். பதினாலு."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினேன்.

பதினாலு என்பது லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம்; குடிக்கிற தண்ணீரில் ஐந்தே அதிகம். சரக்கு என்று அக்கா சொன்னது ஒரு கரைப்பான். பூட்டின் பாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ அந்தக் காலத்தில் பயன்படுத்தியது. பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். தண்ணீரைவிடக் கனம். தரையில் சிந்தினால் ஆவியாகிப் போய்விட்டது போலத் தோன்றும். பாதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். இறங்கி, முப்பது நாற்பது வருடம் யாரையும் கூப்பிடாமல் அங்கேயே கிடக்கும்.

இருபத்திரண்டு பாட்டில்கள் இருபத்திரண்டு துளைகளின் தண்ணீர். இருபத்து மூன்றாவது வேறு. அதை நாங்கள் வெறும் பாட்டில் என்போம். எதுவும் கலக்காத சுத்தத் தண்ணீரைக் கொண்டுபோய், அங்கே மண் நடுவில் நின்று அதில் ஊற்றி மூடி, மற்ற பாட்டில்களோடு சேர்த்து அனுப்புவோம். அது சுத்தமாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ கை தவறியிருக்கிறது. காற்றோ, மூடியோ, விரலோ அழுக்கைச் சேர்த்திருக்கிறது. அப்புறம் மற்ற இருபத்திரண்டையும் யார் நம்புவார்கள்?

எதுவும் இல்லாமல் இருப்பதுதான் அந்தப் பாட்டிலின் வேலை. இந்த ஒரு வருடத்தில் அந்த வேலை எனக்கு நன்றாகவே வந்திருந்தது. பாட்டிலுக்கு வரவில்லை.

பத்து நிமிடத்தில் அலுவலகத்துப் பெரியவர் பேசினார். அவர் கத்தமாட்டார். குரலை இறக்கினால்தான் பயம்.

"அஞ்சு மணிக்கு நிலத்தை வாங்கறவங்களுக்கு அறிக்கை போகணும். திங்கக்கிழமை அவங்க கான்கிரீட் போடறாங்க. அது ஒனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"வெறும் பாட்டில்ல சரக்கு எப்படி வந்துச்சுன்னு காரணம் சொல்லு. சொல்ல முடியலன்னா மொத்த இருபத்து மூணையும் நான் ரத்து பண்ணித்தான் ஆகணும். அப்ப பழைய அறிக்கைதான் நிக்கும்."

பழைய அறிக்கையை எழுதியவர் மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. 'குறை ஏதும் இல்லை' என்று மூன்று பக்கம். அது நின்றால் மண்ணுக்கு மேலே ஒரு முழக் கனத்துக்குத் தளம் வந்துவிடும். அதை உடைத்துப் பார்க்க எவரும் வரமாட்டார்கள்.

"இன்னொண்ணு," என்றார். "தப்பா எடுத்துக்காத. அன்னைக்கு நீ... கவனமாத்தான் இருந்தியா?"

அன்றைய காலையை நினைத்துப் பார்த்தேன். வேன் இருந்தது. பனி இருந்தது. பிறகு மாலையில் நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒன்றும் இல்லை.

"தெரியல சார்," என்றேன்.

*

சமையலறை மேஜையில் என் மச்சினி உட்கார்ந்திருந்தாள். மனைவியின் தங்கை. ஏழாவது மாதம். அவள் கணவன் கப்பலில். அவளுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கூஜா. அதில் சிவப்பு மையால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தாள்.

"டாக்டர் மூணு லிட்டர்னு சொல்லிட்டாரு அத்தான். காலையில ஒண்ணு முடிக்கணும். உள்ள இருக்கிறது பிள்ளையா மீனான்னு பொறந்தாத்தான் தெரியும்."

அத்தை அடுப்படியில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"ஆபீஸ்ல ஏதாவதா மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்லத்தை. ஒரு பாட்டில் கெட்டுப்போச்சு."

"எந்தப் பாட்டிலு?"

"சுத்தத் தண்ணி பாட்டிலு."

கரண்டி தரையில் விழுந்தது. அத்தை குனிந்து எடுத்தார். எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார்.

"அம்மா, கரண்டி கெடைச்சுதா, இல்ல நானும் வந்து தேடணுமா? நான் குனிஞ்சா எழுப்ப கிரேன் வேணும், சொல்லிட்டேன்," என்றாள் மச்சினி.

முன்னறையில் மாமா தன் மேஜையில் இருந்தார். மேஜை நிறைய பூட்டுகள். சாவியைத் தொலைத்தவர்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவில் தொங்குவதும் அந்தத் தொழிற்சாலைப் பூட்டுதான். ஒரு சின்னக் கம்பியை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காதால் திறப்பார். நாங்கள் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். கம்பி ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்தது.

*

தொழிற்சாலை வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தெருமுனைச் சுவருக்கு அந்தப் பக்கம்.

உள்ளே போனால் சத்தம் நின்றுவிடும். தெரு சத்தமெல்லாம் சுவரோடு சரி. கழுவு கொட்டகையின் கூரைத் தகடுகளில் நூறு ஓட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெளிச்சக் குச்சி இறங்கித் தரையில் ஊன்றியிருக்கும். அவற்றுக்கு நடுவே நடந்தால் நீருக்கு அடியில் நடப்பது போலிருக்கும். தூசி மேலே போகாமல் கீழே வராமல் மிதக்கும். தரையில் பாதி முடிந்த பூட்டுகள், சாவித் துளை இல்லாமல்.

இங்கே வரும்போதெல்லாம் என் மனைவி சொன்னது ஞாபகம் வரும். சின்ன வயதில் அப்பா வேலை முடிந்து வந்ததும் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாளாம். "இனிப்பா ஒரு வாசனை வரும்டா. மிட்டாய்க் கடைக்குள்ள போன மாதிரி. வேற யார் அப்பா சட்டையிலும் அது கெடையாது." கல்யாணமான புதிதில் சொன்னாள். எனக்குப் பிடித்த கதைகளில் ஒன்று. இந்தத் துளைகளைப் போட ஆரம்பித்த பிறகுதான் அந்த வாசனையின் பெயர் எனக்குத் தெரிந்தது. அவளிடம் சொல்லும் வேலை மிச்சமாயிற்று.

அவள் போனதற்கும் இந்த மண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. மழை, வளைவு, பேருந்து. மூன்று சொல். அதற்காக எங்கேயும் துளை போட வேண்டியதில்லை. சில சமயம், போட முடிந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும்.

போர்க்காரர் தன் வண்டி நிழலில் படுத்திருந்தார். துளை போடுவது அவர். தண்ணீர் எடுப்பது நான். அவர் கணக்கில் அவர் பூமிக்கு ஊசி போடுகிறவர், நான் ரத்தம் எடுக்கிற நர்ஸ்.

"என்ன நர்ஸம்மா, மூஞ்சி செத்துக் கெடக்கு?" என்றவர், சொன்ன சொல்லை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவால்ல. அன்னைக்குக் காலையில நான் என்னென்ன செஞ்சேன்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது."

அவர் எழுந்து உட்கார்ந்தார். சிரிக்கவில்லை.

"ஆறரைக்கு வந்தீங்க. வணக்கம் சொன்னேன், திருப்பிச் சொல்லல. கையுறை போட்டீங்க. ஒவ்வொரு துளைக்கும் புதுசா ஒரு ரப்பர் குழாய், புதுக் கையுறை. பழசை அந்த மூட்டையில போட்டீங்க. மூணு தடவ தண்ணிய எறைச்சுட்டு, நாலாவது தடவதான் பாட்டில்ல புடிச்சீங்க. குமிழி நிக்குதான்னு தலைகீழா கவுத்துப் பாத்தீங்க. எல்லாத்தையும் பாத்துட்டேதான் இருந்தேன். எனக்கு வேற பொழப்பு?"

"வெறும் பாட்டில்?"

"நடுவுல, அதோ அந்த எடத்துல நின்னு. வெள்ளைக் கேன்லேர்ந்து ஊத்துனீங்க. மூடுனீங்க. வண்டி இஞ்சின அணைக்கச் சொன்னீங்க, பொகை படக்கூடாதுன்னு. அன்னைக்கு நீங்க பேசுன ஒரே வார்த்தை அதுதான்."

"தப்பா எதுவுமே..."

"இங்க பாருங்க. ஒங்க தலை வேற எங்கயோ இருந்துச்சு, அது எனக்கும் தெரிஞ்சுது. கை இங்கதான் இருந்துச்சு. கை ஒரு தப்பும் பண்ணல."

வெளிச்சக் குச்சிகளைப் பார்த்தபடி நின்றேன். கை தப்புப் பண்ணவில்லை. பாட்டில் புதிது. காற்று, புகை எதுவும் இல்லை.

மிச்சம் இருந்தது கேன்.

"கேன் எங்க இருக்கு இப்ப?" என்றார் போர்க்காரர்.

"வீட்ல."

"ஆபீஸ்ல வைக்கிறதில்ல?"

வைக்க வேண்டும். அதுதான் விதி. ஆய்வகத்தில் முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். காலையில் அலுவலகம் போய் எடுத்துக்கொண்டு நேராக இங்கே வர வேண்டும். ஆனால் காலையில் அலுவலகம் போனால் அங்கே ஆட்கள் இருப்பார்கள். 'எப்படி இருக்கீங்க' என்று தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதைவிட ஒரு கேனை வீட்டில் வைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

அவருக்கு அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்தேன். எப்போது வேகமாக நடக்க ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

*

கேன் என் அறையில், அவளுடைய தையல் மெஷினுக்குக் கீழே இருந்தது. முக்கால்வாசி தண்ணீர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்பக்கம், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வளையமாக ஓடியது.

சுத்தத் தண்ணீர் கோடு போடாது. கோடு போட அதில் எதுவும் இருக்காது.

என் பையில் பேனா அளவுக்கு ஒரு கருவி உண்டு. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண் காட்டும். சுத்தத் தண்ணீரில் விட்டால் ஒன்று காட்டும். மிஞ்சினால் இரண்டு. கேனிலிருந்து ஒரு டம்ளரில் ஊற்றி அதை விட்டேன்.

அறுநூற்று நாற்பது.

கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கருவியைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்து இன்னொரு டம்ளரில் பிடித்தேன். காலையில் முகம் கழுவிய அதே குழாய். இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறுதான். அந்தத் தண்ணீர்தான் குளிக்க, சமைக்க, குடிக்க.

அறுநூற்று நாற்பத்திரண்டு.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அத்தை. புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"நான்தான் மாப்பிள்ளை," என்றார்.

நான் திரும்பினேன்.

"நீங்க தண்ணி எடுக்கப் போறதுக்கு நாலு நாள் முன்னாடி, ரூமைத் தொடைக்கும்போது கேன் கால்ல பட்டு சாஞ்சுடுச்சு. மூடி சரியா மூடல போல. அவ்வளவும் தரையில ஓடிடுச்சு. நீங்க வரதுக்குள்ள நெரப்பி வெச்சுடலாம்னு... குழாய்லேர்ந்து புடிச்சு ஊத்திட்டேன். வெறும் தண்ணிதானேன்னு நெனச்சேன். தண்ணியில என்ன வித்தியாசம் இருக்கப்போகுதுன்னு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை."

சொல்லிவிட்டு, அது எவ்வளவு மென்மையாக வந்தது என்று எனக்கே கேட்டது. அத்தைக்கு அதுதான் தாங்கவில்லை.

"எப்படிச் சொல்றது? நீங்க எதையாவது கேக்கறீங்களா? சாப்பாட்டுல உப்பில்லன்னாலும் சாப்புட்டுப் போறீங்க. ராவும் பகலும் இந்த வீட்ல இருக்கீங்க, ஒரு கேள்வி கெடையாது. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'என் கேன யாரு தொட்டது'ன்னு கத்துனீங்கன்னா நானும் சொல்லியிருப்பேன். அவ பொருள எதையாவது நகத்திட்டா நீங்க ஒடஞ்சு போயிடுவீங்களோன்னு பயந்து பயந்து தொடைக்கிறேன் அந்த ரூம. திட்டுனாக்கூட பரவால்ல மாப்பிள்ளை. இப்படிப் பாக்காதீங்க."

எப்படிப் பார்த்தேன் என்று தெரியவில்லை. என் கண் அத்தையின் மேல் இல்லை. அவருக்குப் பின்னால், வாசலில், கூஜாவோடு நின்ற மச்சினியின் மேல் இருந்தது. கூஜாவில் இரண்டாவது சிவப்புக் கோடு வரை காலி.

அவள் என் கையில் இருந்த கருவியைப் பார்த்தாள். இரண்டு டம்ளர்களைப் பார்த்தாள். என் மனைவியைவிட அவளுக்குக் கணக்கு வேகமாக வரும். மனைவியே சொல்லியிருக்கிறாள்.

"அத்தான். கெட்டுப்போன பாட்டில்ல இருந்தது கேன் தண்ணி."

"ஆமா."

"கேன்ல இருந்தது நம்ம வீட்டுத் தண்ணி."

"ஆமா."

அவள் கூஜாவை மேஜையில் வைத்தாள். மெதுவாக, சத்தம் வராமல், ஏதோ தூங்குகிற ஒன்றை வைப்பது போல.

"என்னடி சொல்ற? நம்ம தண்ணிக்கு என்ன?" என்றார் அத்தை. "இந்தத் தெருத் தண்ணின்னா அவ்வளவு பேரு. இனிப்பா இருக்கும்னு அடுத்த தெருவுலேர்ந்து குடத்தோட வருவாங்க."

"பதினாலுக்கு ருசி தெரியாது அத்தை," என்றேன். "அது வேற இனிப்பு."

"கொதிக்க வெச்சா போயிடுமா?"

"போகும். எங்க போகும்? இந்த அடுப்படிக் காத்துல."

அத்தை ஜன்னலைத் திறந்தார். ஏற்கெனவே திறந்திருந்த ஜன்னலை.

மச்சினி வயிற்றில் கை வைத்திருந்தாள். "மீனு முழிச்சுக்கிச்சு," என்றாள். யாரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. "எனக்குப் பொய் சொல்லாதீங்க அத்தான். மத்தவங்களுக்கு வேணா சொல்லுங்க. எவ்வளவு கெடுதல்?"

"தெரியாது. ஒரு பாட்டில வெச்சு எதுவும் சொல்ல முடியாது. மூடுன கேன்ல நாலு நாள் நின்ன தண்ணி அது. குழாய்ல வரது கூடவும் இருக்கலாம், கொறைச்சலாவும் இருக்கலாம். இப்பவே புடிச்சு அனுப்பறேன். டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லு. இந்தக் கூஜாவுல இனிமே வெளித் தண்ணிதான்."

இரண்டு மாதத்தில் நான் அந்த வீட்டில் பேசிய மொத்தமும் இவ்வளவு இருக்காது.

*

வேனில் மிச்சமிருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்துக் குழாயின் கீழே பிடித்தேன். முதலில் கால் மணி நேரம் தண்ணீரை ஓடவிட்டேன். குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பினேன். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். லேபிளில் இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். 'வீடு' என்று எழுதினேன். எந்த வீடு என்று கேட்பார்கள். முகவரியை எழுதினேன். தண்ணீர் வழிந்து கையில் பட்டது. குளிர்ந்தது.

நான்கு மணிக்குப் பெரியவரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். கேனை வீட்டில் வைத்தது நான், விதியை மீறியது நான் என்பதை முதலில் சொன்னேன்.

"அந்தக் கேன் தண்ணி வேற எதையாவது தொட்டுதா?"

"இல்ல சார். வெறும் பாட்டில மட்டும்தான். ஒவ்வொரு துளைக்கும் புதுக் குழாய். போர்க்காரர் சாட்சி."

"அப்ப இருபத்திரண்டும் நிக்கும்." அவர் மூச்சு விடுவது கேட்டது. "ஆனா காரணத்த எழுதணும்னா, ஒன் வீட்டுத் தண்ணில இருக்குன்னு எழுதணும். தெரு முழுக்கத் தெரியும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"இன்னொரு சந்தேகம். வரைபடப்படி அந்த நெலத்துத் தண்ணி ஆத்துப் பக்கம் போகுது. ஒங்க தெரு எதிர்ப்பக்கம், மேட்டுல. அங்க எப்படி ஏறி வந்துச்சு?"

"அது தெரியல சார். படத்த நம்பித்தான் அந்தப் பக்கம் நாம ஒரு துளைகூடப் போடல."

"கேனுக்காக ஒனக்கு ஒரு நோட்டீஸ் வரும். நான்தான் கையெழுத்துப் போடணும். போடுவேன்," என்றார். "எழுதி அனுப்பு. திங்கக்கிழமை கான்கிரீட்ட நிறுத்த நான் பாத்துக்கறேன்."

எழுதினேன். அத்தை அறை வாசலில் நின்றார்.

"என் பேரு வருமா மாப்பிள்ளை?"

"என் பேருதான் வரும் அத்தை. நீங்க நெரப்பலன்னா இது தெரிஞ்சே இருக்காது."

அத்தை தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. உள்ளே வந்து, பதினோரு மாதத்தில் முதல் முறையாக, தையல் மெஷினை இரண்டு கையாலும் நகர்த்தி அதன் அடியில் துடைத்தார். நான் உடைந்து போகவில்லை.

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அறிக்கை போயிற்று.

*

முன்னறையில் வெயில் சாய்ந்திருந்தது. மாமா மேஜையில் இருந்த பூட்டுகளை எல்லாம் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். நடுவில் வெற்றிடம். மச்சினி எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்த கூஜா இப்போது அந்த மேஜையில் இருந்தது.

"ஒக்காருங்க மாப்ளே," என்றார். தொழிற்சாலைப் பேச்சு வந்தால் எழுந்து போகிறவர்.

உட்கார்ந்தேன். அத்தை வந்து கதவோரம் நின்றார்.

மாமா பெரிய பூட்டு ஒன்றை எடுத்து நடுவில் வைத்தார். "கழுவு கொட்டகை." ஒரு நீளமான தாழ்ப்பாளை எடுத்துக் கொஞ்சம் தள்ளிக் குறுக்கே வைத்தார். "காம்பவுண்டு சுவரு." அந்தப் பக்கக் கடைசியில் ஒரு சாவி. "ஆறு."

"ஆத்துப் பக்கம் போற குழாய் படத்துல இருக்கு மாமா."

"இருக்கும். படத்துல எல்லாம் இருக்கும்." கண்ணை மூடிக்கொண்டார், பூட்டு திறக்கும்போது மூடுவது போல. "அது ஒரு வருஷம் அடைச்சுக்கிச்சு. ஆர்டர் தலைக்கு மேல. வேலைய நிறுத்த மாட்டாங்க. ரெண்டு நாள்ல வேற வழி வெட்டச் சொன்னாங்க. அந்த இனிப்பு வாசனையில நின்னா மனுஷனுக்குக் காலு தரையில படாது மாப்ளே. மெதக்கற மாதிரி இருக்கும். என்ன சொன்னாலும் சரிம்போம்."

விரலைக் கூஜாவுக்குள் விட்டு நனைத்தார். மச்சினி மூச்சை இழுத்தாள். பெரிய பூட்டிலிருந்து ஈரக் கோடு ஒன்று இழுத்தார். அது ஆற்றின் பக்கம் போகவில்லை. திரும்பியது. தாழ்ப்பாளுக்கு அடியில் நுழைந்து இந்தப் பக்கம் வந்தது.

"அப்ப இங்க தெருவே கெடையாது. புல்லு. தண்ணி தானா எறங்கற அளவுக்குக் கடைசியில ஒரு குழி. ஆழமா. மேல மண்ணப் போட்டு மூடியாச்சு."

பதினோரு மாதமாக இந்த வீட்டில் நான் எதையும் கேட்டதில்லை. அத்தை சொன்னது சரி.

"குழி எங்க மாமா?"

அவர் எழுந்தார். வாசல் கதவுக்குப் போனார். எங்கள் வீட்டுப் பூட்டு அங்கே கொக்கியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு வந்தார். கோடு முடிந்த இடத்தில் வைத்தார்.

"நான்தான் தோண்டுனேன்," என்றார்.

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

மச்சினி கை நீட்டி எங்கள் வீட்டுப் பூட்டைத் தொட்டாள். "தெரியாமத்தானே அப்பா இங்க வீடு கட்டுனீங்க? எடம் மறந்து போயி. அப்படித்தானே?"

மாமா அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த என் மனைவியின் படத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சதாலதான் கட்டுனேன்."

ஏன் என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. வெயில் மேஜையின் மேல் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. நான் அளவு நாடாவை எடுத்தேன். பெரிய பூட்டிலிருந்து எங்கள் வீட்டுப் பூட்டு வரை நீட்டுவதற்குள், நடுவிலிருந்த கோடு காய்ந்துவிட்டிருந்தது.

(தொடரும்)